இஸ்பேட் ஆறு, டைமன் ஆறு

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் எங்கள் தோட்டத்தில் அரிசி இல்லை, சீனி இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, பங்களாவில் துரை இல்லை. பிரிட்ஜ் ஆட்டம் மட்டும் இருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சனமெல்லாம் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், கிராணி வீட்டுப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு பேர் வெள்ளைக்காரன் சீட்டாட்டம் ஆடினார்கள் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. அப்போதும் நம்பவில்லை. அதுதான் எங்கள் வீட்டுக்கு வந்த வினை.

ரப்பர் தோட்டம், பாடாங் மேஹா பக்கம். அப்பா தோட்டத்து ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அம்மாவின் தம்பி, என் மாமா, அதே ஆபீஸில் சின்னக் கிராணி. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். ஆட்டத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி டிரஸர். பினாங்கில் வேலை பழகியபோது கற்றுக்கொண்டதாம். ஆடுவதற்கு நான்கு பேர் வேண்டும். மூன்று ஆண்பிள்ளைகள்தான் தேறினார்கள் என்பதால் வேறு வழியில்லாமல் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அம்மாவுக்கு இங்கிலீஷில் தெரிந்தது சீட்டின் மூலையில் இருக்கிற நான்கு எழுத்து மட்டும். அதை வைத்துக்கொண்டே மூன்று பேரையும் ஒரு மாதத்தில் முழி பிதுங்க வைத்துவிட்டாள்.

பிறகு ஜப்பான்காரர்கள் டிரஸரைப் பாலிங் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான்காவது கை காலியானது. ஒன்பது வயதில் நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு எதிரே, அவருக்குக் கூட்டாளியாக. என்னைக் கூட்டாளியாக வைத்துக்கொள்ள மாமாவும் அம்மாவும் மறுத்துவிட்டதுதான் காரணம். எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: என் முறை வரும்போது "பாஸ்" என்று சொல்ல வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எதிரே இருப்பவர் கூட்டாளி. அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஒரு சுற்றில் விழுகிற நான்கு சீட்டையும் வெல்வது ஒரு பிடி. சீட்டைப் போடுவதற்கு முன் ஏலம் நடக்கும். இந்த ஜாதியைத் துருப்பாக வைத்துக்கொண்டு இத்தனை பிடி பிடிப்போம் என்று ஒருவர் கேட்பார். அடுத்தவர் அதற்குமேல் கேட்க வேண்டும், அல்லது பாஸ் சொல்ல வேண்டும். சீட்டிலும் ஜாதி நான்கு. அவற்றுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. இஸ்பேட் எல்லாவற்றுக்கும் மேலே, பிறகு ஆட்டீன், டைமன், கடைசியில் கிளாவர். மனிதன் எங்கே போனாலும் இதை மட்டும் மறக்காமல் கொண்டுபோய்விடுகிறான் என்று மாமா சிரிப்பார்.

அப்பா ஆடியது ஆபீஸ் கணக்கு மாதிரி. ஏஸ் இருந்தால் ஒரு உறுதியான பிடி. ராஜாவும் ராணியும் சேர்ந்து இருந்தால் இன்னொரு பிடி. இப்படி இரண்டரை சேர்ந்தால்தான் ஏலத்தைத் தொடங்கலாம் என்று டிரஸர் எப்போதோ சொன்னதை அவர் சட்டமாக எடுத்துக்கொண்டார். இரண்டரைக்கு ஒரு நூல் குறைந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். மாமா நேர் எதிர். படச்சீட்டு எத்தனை என்று அவர் பார்க்கவே மாட்டார். எந்த ஜாதி எத்தனை நீளம், எது இல்லவே இல்லை என்றுதான் விரலால் தடவிப் பார்ப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீட்டைப் பகிர்ந்தவர் அப்பா. அவர்தான் முதலில் பேச வேண்டும். வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "பாஸ்" என்றார். மாமா ஆட்டீனில் தொடங்கினார். நான் வழக்கம்போல் பாஸ். அம்மா ஒரே தாவலாக நான்கு ஆட்டீன் என்றாள், அதாவது ஆறுக்குமேல் நான்கு, மொத்தம் பத்துப் பிடி. மறுபடி அப்பாவின் முறை வந்தபோது ஏலம் அவருக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. மறுபடியும் பாஸ்தான். மாமா அந்தப் பத்துப் பிடியையும் பிடித்து முடித்துவிட்டு, அப்பா போட்ட சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாயில் வரிசையாக அடுக்கினார்.

இஸ்பேட் ஆறு: ஏஸ், ஜாக்கி, பத்து, அதற்குக் கீழே மூன்று. டைமன் ஆறு: ராஜா, ராணி, பத்து, கீழே மூன்று. ஆட்டீனில் ஒரே ஒரு ரெண்டு. கிளாவர் ஒன்றுகூட இல்லை.

"இத கையில வச்சிக்கிட்டா அத்தான் பாஸ் சொன்னீங்க?" என்றார் மாமா.

"ரெண்டுதான் இருந்திச்சி. ரெண்டரை இல்ல."

"ஜெயிக்கறத எண்ணாதீங்க அத்தான், தோக்கறத எண்ணுங்க. இஸ்பேட்டுல ரெண்டு தோக்கும். டைமன்ல ஒண்ணு. ஆட்டீன்ல ஒண்ணு. கிளாவர் தோக்கறதுக்கு உங்ககிட்ட சீட்டே இல்ல. மொத்தம் நாலு. மிச்சம் ஒம்பது பிடி உங்க கையிலயே இருக்கு. பாப்பா கையில என்ன இருந்திச்சின்னு பாருங்க."

என் கையில் இஸ்பேட் ராஜாவும் மூன்று சில்லறை இஸ்பேட்டும் இருந்தன. யாரும் கேட்காததால் நானும் சொல்லவில்லை.

"ரெண்டு நீளம் வந்திச்சின்னா முதல் ஆளா பேசணும்லா," என்றார் மாமா. "ரெண்டும் ஒரே நீளம்னா மேல இருக்கறத முதல்ல சொல்லணும். இஸ்பேட் சொல்லிட்டு அப்புறம் டைமன் சொன்னா, எதிர்ல இருக்கறவன் ரெண்டுல தனக்குப் புடிச்சத சுளுவா எடுத்துக்குவான். நீங்க பலம் சேரட்டும் சேரட்டும்னு குந்தியிருந்தா, மத்தவன் மேல ஏத்திடுவான். அப்புறம் வாயத் தொறக்கவே முடியாது."

அப்பாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "வெறும் நீளத்த நம்பி பேசறவன் ஒருநாள் வசமா மாட்டுவான்," என்றார். மாமாவும் விடவில்லை. அம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். உலையில் வைக்க அரிசி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சண்டை மூன்று நாள் நீடித்தது. சாப்பிடும்போதும் அதே பேச்சு, ஆபீஸுக்குப் போகும் வழியிலும் அதே பேச்சு. பசியையும் பயத்தையும் பற்றிப் பேசாமல் இருக்க அவர்களுக்கு அது வசதியாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் அப்பாதான் சொன்னார்: "எழுதி டிரஸருக்கு அனுப்பு. அவர் சொல்லட்டும். நான் ஒத்துக்கறேன்."

காகிதத்துக்குப் பஞ்சம். மாமா தொழிலாளர் வருகை எழுதும் ஆபீஸ் செக்ரோல் தாளின் பின்பக்கத்தில், டிரஸர் கற்றுக்கொடுத்த முறைப்படி நான்கு திசையும் போட்டு, ஒவ்வொரு திசையிலும் அந்தந்தக் கையை இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக எழுதினார். அடியில் ஒரு கேள்விக்குறி. தன் பெயரின் முதலெழுத்து. வேறு ஒன்றும் இல்லை. டிரஸருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. உப்பும் புகையிலையும் சைக்கிளில் வைத்துத் தோட்டம் தோட்டமாக விற்றுவந்த ராவுத்தர் அந்த வாரம் பாலிங் பக்கம் போவதாகச் சொன்னார். அவரிடம் கொடுத்தனுப்பினார்கள்.

இங்கே சீட்டுக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது துரையினுடையது. துரை காரில் ஏறித் தெற்கே ஓடிய அன்று, ஆளுக்கு ஒன்றாகப் பங்களாவிலிருந்து எடுத்துப் போனார்கள். நாற்காலி, திரைச்சீலை, அரிசி மூட்டை. மாமா எடுத்தது ஒரு சீட்டுக்கட்டு. நீல முதுகு, பொன் ஓரம், நடுவில் கம்பெனி முத்திரை. வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், அரிசி மூட்டையை விட்டுவிட்டு இதையா எடுத்து வந்தாய் என்று. அடுத்த வாரமே, பங்களாச் சாமான் எடுத்தவன் என்று ஒருவனின் தலையை வெட்டிப் பட்டணத்துப் பாசாரில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நாற்காலி எடுத்தவர்கள் நாற்காலியை உடைத்து எரித்தார்கள். சீட்டை எரிக்க மட்டும் எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அரிசிப் பானையின் அடியில் துணி சுற்றி வைத்தார்கள். அதில் அரிசி இல்லாததால் நல்ல இடமாக இருந்தது.

பொய் சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மாமாதான். அதையும் ஓர் ஆட்டமாகத்தான் கற்றுக்கொடுத்தார். தானே ஜப்பான்காரனாக மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்து வருவார்.

"வூட்ல சீட்டு இருக்கா?"

"இல்ல."

"உங்கப்பா சீட்டு ஆடுவாரா?"

"சீட்டுன்னா என்னான்னே தெரியாது."

"உங்க மாமாதான் எடுத்துக் குடுக்கச் சொன்னாரு."

முதல் தடவை நான் இதில் விழுந்துவிட்டேன். மாமா என் காதைச் செல்லமாகத் திருகி, "நானே சொன்னேன்னு சொன்னாலும் நம்பாத. அது அவனுங்க தந்திரம். என் உசுரு உன் வாயிலதான் இருக்கு," என்றார். அப்புறம் நான் ஒருமுறைகூடத் தவறவில்லை. கெட்டிக்காரி என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வார். வீட்டில் என்னைக் கெட்டிக்காரி என்றவர் அவர் ஒருவர்தான்.

ராவுத்தர் போய் எட்டொன்பது நாள் இருக்கும். அன்று அப்பா ரேஷன் விஷயமாகக் குலிமுக்குச் சைக்கிளில் போயிருந்தார். அம்மா லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்ட இடத்துக்குப் போயிருந்தாள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். ஆபீஸ் பக்கம் ஒரு லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. சிப்பாய்கள் இறங்கிப் போவதை வேலி வழியாகப் பார்த்தேன். எனக்கு வந்தது பயம் இல்லை. வேலை வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. அரிசிப் பானை எல்லோருக்கும் தோன்றுகிற இடமாயிற்றே என்று நானாகவே யோசித்தேன். சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு போய், கொல்லையில் கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்குக் கீழே, வைக்கோலுக்கு அடியில் செருகினேன். கோழி என் கையைக் கொத்தி ரத்தம் வந்தது. நான் சத்தம் போடவில்லை.

ஆபீஸில் என்ன நடந்தது என்பது அன்று அங்கே இருந்தவர்கள் சொல்லி எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பாலிங் சாலையில் சோதனை போட்டபோது ராவுத்தரின் உப்புச் சாக்கில் அந்தத் தாள் அகப்பட்டிருக்கிறது. மலைக்காட்டில் மறைந்திருப்பவர்களுக்குச் சேதி போகிறது என்று அந்தப் பக்கம் தினமும் யாரையாவது பிடித்துக்கொண்டிருந்த நேரம். திசைகளும் எழுத்துகளும் எண்களும் நிறைந்த தாளைப் பார்த்துவிட்டு, சங்கேதம் என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. செக்ரோல் தாள் என்பதால் எந்தத் தோட்டம் என்று தெரிந்துவிட்டது. கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்கவும் நேரம் ஆகவில்லை. மாமாவுக்கு முன்னால் இரண்டே வழி. ஒற்றன் என்ற பழியை வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது பங்களாச் சீட்டுக்கட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். சீட்டு என்று சொன்னால் அடி விழும், ஒருவேளை தலையும் போகும்; ஒற்றன் என்றால் நிச்சயமாகப் போகும். அவர் சீட்டு என்றார். இது ஒரு விளையாட்டு, வீட்டில் சீட்டு இருக்கிறது, கொண்டுவரச் சொல்லுங்கள், ஆடியே காட்டுகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஓர் அதிகாரி, ஒரு சிப்பாய், டவுனிலிருந்து கூட்டிவந்த ஒரு தமிழர். வெள்ளைச் சட்டை போட்ட அந்த மனிதர்தான் மொழிபெயர்த்தார். நான் கைகட்டி நின்றேன். மாமா நடித்துக்காட்டியது எவ்வளவு சரியாக இருக்கிறது என்று எனக்குள் சிரிப்புக்கூட வந்தது.

"பாப்பா, பயப்படாதம்மா. வூட்ல சீட்டுக்கட்டு ஒண்ணு இருக்காமே?"

"இல்ல."

அவர் அதிகாரியிடம் சொல்லாமல் என்னையே பார்த்தார். "ஆடுவாங்கதானே? அப்பா, மாமா எல்லாம்?"

"சீட்டுன்னா என்னான்னே தெரியாது."

சிப்பாய் உள்ளே போனான். நேராக அடுப்படிக்குப் போய் அரிசிப் பானையைக் கவிழ்த்தான். அதிலிருந்து ஒரு கரப்பான்பூச்சிதான் ஓடியது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு பெட்டி, அலமாரி, பரண். கொல்லைக்கு வந்து கோழிக் கூடைப் பக்கம் கையை நீட்டினான். கோழி அவனையும் கொத்தியது. அவன் கையை உதறிக்கொண்டு சிரித்துவிட்டு நகர்ந்தான்.

அந்த மனிதர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "அம்மாடி, உன் மாமாதாம்மா எடுத்துக் குடுக்கச் சொன்னாரு. நெசமாத்தான் சொல்றேன். ஒரே ஒரு சீட்டு இருந்தாக்கூட போதும். இருக்குதானே?"

இதுதான், மாமா சொன்ன அதே வார்த்தை. நான் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "எங்க மாமா அப்படிச் சொல்லமாட்டாரு. எங்க வூட்ல சீட்டு கெடையாது."

அவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அதிகாரியிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். லாரி கிளம்பிப் போகிற சத்தமும் கேட்டது.

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா ஓடி வந்தாள். காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், தம்பியை லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று. நான் நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "மொதல்ல எங்க பாத்தாங்க?" என்று கேட்டாள். அரிசிப் பானையில் என்றேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கோழிக்குக் கீழ வைக்கச் சொல்லி யாரு சொன்னா?" என்றாள். யாரும் சொல்லவில்லை, நானே யோசித்து வைத்தேன் என்றேன். அம்மா என்னை அடிக்கவில்லை. பாராட்டவும் இல்லை. என் கையில் கோழி கொத்தின இடத்தைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா வந்ததும் இரண்டு பேரும் பின்னறைக்குப் போனார்கள். சீட்டை எடுத்துக்கொண்டு இப்போதே போங்கள் என்று அம்மா கெஞ்சினாள். அப்பா எண்ணிக்கொண்டிருந்தார். இப்போது காட்டினால் பிள்ளை பொய் சொன்னது தெரியும். பிள்ளைக்குப் பொய் கற்றுக்கொடுத்த வீடு வேறு என்ன மறைக்கிறது என்று கேட்பார்கள். சீட்டின் முதுகில் கம்பெனி முத்திரை வேறு. "கொஞ்சம் பொறு, யோசிக்கறேன்," என்றார். ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் மத்தியானம் சீட்டுக்கட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு டவுனுக்குச் சைக்கிளில் போனார். இருட்டுவதற்குள் நடந்தே திரும்பி வந்தார். சைக்கிளும் இல்லை, சீட்டும் இல்லை. இந்த மாதிரிச் சீட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும், உன் மச்சானை நேற்றே அலோர் ஸ்டார் ஜெயிலுக்கு அனுப்பியாயிற்று என்று சொல்லிவிட்டார்களாம்.

மாமாவைப் பற்றிப் பிறகு ஒரு சேதியும் வரவில்லை. ராவுத்தரைப் பற்றியும் வரவில்லை. ஜப்பான்காரன் சண்டை முடிந்து டிரஸர் ஒருநாள் எங்களைப் பார்க்க வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. அப்படி ஒரு தாள் தனக்கு வரவே இல்லை என்றார். அப்பா அந்தப் பதின்மூன்று சீட்டையும் மனப்பாடமாகச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நீங்களா இருந்தா?" என்று கேட்டார்.

"ஒரு இஸ்பேட். யோசிக்கவே வேணாம்லா," என்றார் டிரஸர்.

அப்பா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் எந்த ஆட்டமும் ஆடியதில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தது, பின்னால் புரிந்தது. லாரி போன அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். வீட்டுக்குச் சீட்டு தேடி வந்தார்கள், நான் சிக்கவில்லை, அதனால் மாமாவை எப்படியும் விட்டுவிடத்தானே வேண்டும். உள்ளே அம்மா அழுவது எனக்கு விளங்கவில்லை. நான் வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமா வந்ததும் அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது, அவரிடம் நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.